ஆட்டுக்கால் சூப்: கடையில் கால் வாங்குவது முதல் கிண்ணத்தில் ஊற்றுவது வரை

ஆட்டுக்கால் சூப் முதல்முறை வைக்கிறவர்கள் மசாலா அளவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். மசாலா கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சூப்பைக் குடித்துவிடலாம். சரியாகச் சுடாத காலும், அரைகுறையாக வெந்த எலும்பும், ஆரம்பத்திலேயே கொட்டிய மிளகும்தான் அதைக் கெடுக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் எதை எப்போது செய்ய வேண்டும் என்ற வரிசைக்கே முதலிடம்.

இங்கே சொல்லியிருக்கும் அளவு ஆறு பேருக்கு, ஆளுக்கு ஒரு கிண்ணம் வரும். மொத்தம் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதிக்கு மேல் குக்கர் தானாக வேகும் நேரம்.

1. கறிக்கடையில் கேட்டு வாங்க வேண்டியவை

ஒரு ஆட்டின் நான்கு காலும் வாங்குங்கள். சுத்தம் செய்தபின் ஆட்டைப் பொறுத்துச் சுமார் 600 முதல் 750 கிராம் இருக்கும். வெள்ளாட்டுக் கால் என்றால் வாடை குறைவு. செம்மறிக் காலில் கொழுப்பும் வாடையும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதுவும் நல்ல சூப் தரும், ஆனால் இஞ்சியைக் கூட்டிப் போட வேண்டும்.

எலும்பு மெலிந்து, தோல் மெல்லியதாக இருந்தால் இளம் ஆடு. தடித்த எலும்பும் கெட்டித் தோலும் முற்றிய ஆட்டுக்கு அடையாளம். இரண்டிலும் சூப் வைக்கலாம், வேகும் நேரம்தான் மாறும். வெட்டுவாய் கருத்துக் காய்ந்திருந்தால் வாங்காதீர்கள்.

கடைக்காரரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லி வாங்குங்கள். முதலாவது, காலைத் தீயில் சுட்டுத் தரச் சொல்லுங்கள். வெந்நீரில் போட்டு முடியைச் சுரண்டிய கால் பார்க்க வெள்ளையாக இருக்கும், ஆனால் முடியின் வேர் தோலுக்குள்ளேயே நிற்கும். சுட்ட காலில் அது பொசுங்கிவிடும், லேசான புகை மணமும் ஏறும்.

இரண்டாவது, குளம்பைக் கழற்றித் தர வேண்டும். கால் நன்றாகச் சுடுபட்டிருந்தால் குளம்பு ஒரே தட்டில் கழன்றுவிடும். வீட்டில் அதைக் கழற்றப் போனால் கத்தி வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். செம்மறிக் கால் என்றால் இரண்டு குளம்புக்கும் நடுவே, கொஞ்சம் மேலே, ஒரு சிறு சுரப்பி இருக்கும். வாடைக்கு அதுவும் ஒரு காரணம். அதைக் கீறி எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வெட்டு. மூட்டில் ஒரு வெட்டு, நீள எலும்பின் நடுவில் ஒரு வெட்டு போதும். ஒரு காலுக்கு மூன்று, நான்கு துண்டுக்கு மேல் வேண்டாம். "சின்னதா வெட்டுங்க" என்று சொன்னால் கத்தி பலமுறை இறங்கும், எலும்பு சில்லு சில்லாகத் தெறிக்கும். அந்தச் சில்லு சூப்போடு போய்த் தொண்டையில் குத்தும். நடு எலும்பை மட்டும் கண்டிப்பாக உடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மஜ்ஜை வெளியே வந்தால்தான் சூப்புக்குக் கனம் கிடைக்கும்.

ஞாயிறு கூட்டத்தில் இவ்வளவும் பொறுமையாகச் செய்து தர ஆள் இருக்காது. முதல் நாளே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் வார நாளில் வாங்குங்கள்.

2. அடுப்பு பற்றவைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வேகவைக்க: தண்ணீர் 2 லிட்டர், சின்ன வெங்காயம் 12, பூண்டு 8 பல், இஞ்சி ஒரு அங்குலத் துண்டு, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கல்லுப்பு 1 தேக்கரண்டி, கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி.

வறுத்துப் பொடிக்க: மல்லி விதை ஒன்றரை மேசைக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, மிளகு இரண்டரைத் தேக்கரண்டி.

தாளிக்க: நல்லெண்ணெய் 1 மேசைக்கரண்டி, பட்டை ஒரு சிறு துண்டு, கிராம்பு 2, காய்ந்த மிளகாய் 2, சின்ன வெங்காயம் 8, பூண்டு 4 பல், தக்காளி 2, கறிவேப்பிலை 2 ஈர்க்கு. கடைசியில் தூவக் கொத்தமல்லித் தழை.

பாத்திரத்தில் 5 லிட்டர் குக்கர் வேண்டும். காலும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. 3 லிட்டர் குக்கரில் இந்த அளவை அடைத்தால் நுரை பொங்கி வெயிட் துவாரத்தில் ஏறும். சிறிய குக்கர்தான் இருக்கிறது என்றால் இரண்டு காலும் ஒரு லிட்டர் தண்ணீருமாகப் பாதி அளவு வையுங்கள்.

3. கழுவுவது: அவசரப்படக் கூடாத இடம்

சுட்ட காலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். மேலே படிந்த கரி இளகும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் தோல் சுருங்கிக் கரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்து, கத்தியின் முதுகால் மேலிருந்து கீழாகச் சுரண்டுங்கள். கறுப்பு உரிந்து தேன் நிறத்தில் தோல் தெரிய வேண்டும். கட்டைவிரலை முடி வளர்ந்த திசைக்கு எதிர்ப்பக்கமாகத் தேய்த்துப் பாருங்கள். சொரசொரவென்று பட்டால் முடிக்கட்டை மிச்சம் இருக்கிறது. அந்தத் துண்டை இடுக்கியில் பிடித்து கேஸ் தீயில் ஒரு நிமிடம் வாட்டி, மறுபடி சுரண்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், முடி பொசுங்கும் நாற்றம் வீட்டில் நிற்கும்.

பலரும் கோட்டை விடுவது குளம்பு இருந்த இடத்தின் நடுப் பிளவில்தான். அங்கே முடி சுருண்டு உட்கார்ந்திருக்கும், வெளியே தெரியாது. இரண்டு விரலால் பிளவை விரித்து, கத்தி முனையால் எடுங்கள். நான்கு காலின் பிளவையும் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி கல்லுப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டுப் பிசறி, இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். மாவு வழுவழுப்பையும் மிச்சக் கரியையும் இழுத்துக்கொண்டு போகும், உப்பு தேய்த்துவிடும். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை நான்கைந்து முறை அலசுங்கள். உடைந்த எலும்பு வாயை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம், மஜ்ஜை கழன்று தண்ணீரோடு போய்விடும். அந்த வாயில் ஒட்டியிருக்கும் சில்லை விரலால் தடவி எடுத்துவிடுங்கள்.

4. முதல் கொதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்

கழுவிய காலை அகலமான பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். சாம்பல் நிறத்தில் நுரை திரளும். ஐந்து நிமிடம் கொதித்ததும் தண்ணீரைக் கொட்டி, காலை ஒருமுறை அலசி எடுங்கள்.

இதில் ருசி போய்விடும் என்று சிலர் தவிர்க்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் எலும்புக்குள் இருப்பது எதுவும் இறங்காது. மேலே ஒட்டிய ரத்தமும் தூசியும்தான் போகும். இந்தப் படியை விட்டால் சூப் கலங்கலாக இருக்கும், வாடையும் நிற்கும். அதோடு அந்த நுரை குக்கரின் ஆவித் துவாரத்தை அடைக்கவும் கூடும்.

5. குக்கரில் வேகவைப்பது

வெங்காயம், பூண்டு, இஞ்சியை உரலில் நசுக்கிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் விழுதாக அரைத்துப் போட்டால் சூப் குழம்பு மாதிரி ஆகிவிடும், பச்சை வாடையும் லேசில் போகாது. நசுக்கியது சாற்றை விட்டுவிட்டுச் சக்கையாக ஒதுங்கும், பின்னால் வடிகட்டிவிடலாம்.

குக்கரில் காலை அடுக்கி, 2 லிட்டர் தண்ணீரைச் சூடாகவே ஊற்றுங்கள். நசுக்கியது, மஞ்சள்தூள், கல்லுப்பு, கொத்தமல்லித் தண்டு எல்லாம் சேருங்கள். மூடாமல் கொதிக்கவிட்டு, மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, அதன்பிறகு மூடி வெயிட் போடுங்கள்.

முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். இளம் கால் என்றால் 50 நிமிடம், முற்றியது என்றால் 75 நிமிடம். எத்தனை விசில் என்று எண்ணுவது இதற்கு ஒத்துவராது. தீ கூடினால் பத்து விசில் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். சிம்மில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கும் நான்கைந்துதான் வரும். கால் வேகுவது நேரத்தைப் பொறுத்தது.

நேரம் ஏன் இவ்வளவு? காலில் கறி கிடையாது. தோலும் நரம்பும் மூட்டுச் சவ்வும்தான். இவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் நீண்ட நேரம் சூடுபட்டால்தான் ஜெலட்டினாகக் கரைந்து தண்ணீரில் இறங்கும். குடித்ததும் உதடு ஒட்டுகிறதே, அந்தப் பசை இந்த ஜெலட்டின்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். குக்கரில் அழுத்தம் இருப்பதால் 120 டிகிரி அளவுக்குப் போகும். அதனால்தான் நான்கு மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

அடுப்பை அணைத்தபின் ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்தெழும். தோல் பிய்ந்து, கொழுப்பு சூப்போடு கலந்து, பால் மாதிரி கலங்கிவிடும். குழாயடியில் காட்டித் திறப்பதும் வேண்டாம்.

குக்கர் இல்லாதவர்கள் கனமான அடிப்பாத்திரத்தில் 3 லிட்டர் தண்ணீர் வைத்து, மூடி, நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் சிறு தீயில் வேகவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் வெந்நீரே ஊற்றுங்கள். விறகடுப்பில் இரவு முழுதும் தணலில் விடுகிறவர்களும் உண்டு. அந்தச் சூப்பின் தெளிவு குக்கரில் வராது.

6. வெந்ததா என்று பார்ப்பது

ஒரு துண்டை எடுத்துத் தோலைக் கிள்ளுங்கள். எலும்பிலிருந்து நழுவ வேண்டும், ஆனால் கரைந்து காணாமல் போகக் கூடாது. மூட்டை லேசாகத் திருகினால் குட்டி எலும்புகள் தனித்தனியாகக் கழல வேண்டும். சூப்பில் விரலைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துப் பிரியுங்கள். ஒட்டிப் பிரிந்தால் சரி. வெறும் தண்ணீராக இருந்தால் இன்னும் 20 நிமிடம் வையுங்கள்.

கால் துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, சூப்பைக் கண் சிறிதான வடிகட்டியில் வடியுங்கள். சக்கை, எலும்புச் சில்லு, தப்பிய ஒன்றிரண்டு முடி எல்லாம் இங்கே நின்றுவிடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுப்பதென்றால் மெல்லிய துணியில் இன்னொரு தடவை வடியுங்கள்.

பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும். முழுவதையும் எடுக்காதீர்கள், மிளகின் மணம் அந்தக் கொழுப்பில்தான் பிடித்து நிற்கும். ஒரு மேசைக்கரண்டி அளவு விட்டுவிட்டு மீதியை வழித்துவிடுங்கள்.

7. மசாலா: தனித்தனியாக வறுங்கள்

கால் வேகும் நேரத்தில் இதைச் செய்துகொள்ளலாம். வெறும் கடாயில் சிறு தீயில் மல்லி விதையை இரண்டு நிமிடம் வறுத்துக் கொட்டுங்கள். அடுத்து சீரகமும் சோம்பும், வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. மிளகைக் கடைசியாகப் போட்டு, கடாயின் சூட்டிலேயே பிரட்டினால் போதும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மல்லி வறுபடும் முன்பே சீரகம் கருகும். கருகிய சீரகத்தின் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது.

மல்லி, சீரகம், சோம்போடு ஒன்றரைத் தேக்கரண்டி மிளகைச் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். மீதி ஒரு தேக்கரண்டி மிளகைத் தனியே ஒன்றிரண்டாக இடித்து மூடி வையுங்கள். நைசாகப் பொடித்தால் சூப்பின் அடியில் சேறு மாதிரி தங்கும்.

8. தாளித்துக் கூட்டுவது

நல்லெண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை. பின் பொடியாக நறுக்கிய வெங்காயம். அது கண்ணாடியாக வந்ததும் தட்டிய பூண்டு. பூண்டு பொன்னிறத்தைத் தாண்டவிடாதீர்கள், சிவந்தால் கசக்கும்.

தக்காளியைக் கையால் பிசைந்து சேர்த்து, குழைந்து எண்ணெய் ஓரமாகப் பிரியும்வரை வதக்குங்கள். தக்காளியைக் குக்கரிலேயே போட்டால் என்ன என்று கேட்பார்கள். போடலாம், கெட்டுப்போகாது. ஒரு மணி நேரம் வெந்த தக்காளியில் புளிப்பு மட்டும் மிஞ்சும், மணம் இருக்காது. அதனால் இங்கே சேர்ப்பதே நல்லது.

தீயைக் குறைத்துப் பொடியைத் தூவி, பத்து விநாடி பிரட்டி, உடனே வடிகட்டிய சூப்பை ஊற்றுங்கள். கால் துண்டுகளையும் திரும்பப் போட்டு, மூடாமல் எட்டு முதல் பத்து நிமிடம் சிறு கொதியில் விடுங்கள். மல்லிப்பொடியின் பச்சை வாசனை போக இந்த நேரம் தேவை.

9. உப்பும் கடைசி மிளகும்

இப்போதுதான் உப்பைச் சரிபார்க்க வேண்டும். இந்த அளவுக்கு மொத்தம் இரண்டரை முதல் மூன்று தேக்கரண்டி பிடிக்கும். ஆரம்பத்தில் போட்ட ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொண்டு, மீதியை அரை அரையாகச் சேருங்கள். முதலிலேயே முழு உப்பும் போட்டால் சூப் வற்றியபின் கரிக்கும்.

தனியே இடித்து வைத்த மிளகை இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன் போடுங்கள். மிளகின் காரம் எவ்வளவு கொதித்தாலும் நிற்கும், மணம் ஆவியோடு பறந்துவிடும். அதனால்தான் மிளகை இரண்டாகப் பிரித்தோம். முதலில் போட்டது காரத்துக்கு, இது மணத்துக்கு. கொத்தமல்லித் தழை தூவி, அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். எலுமிச்சை பிடிக்கும் என்றால் கிண்ணத்தில் ஊற்றியபின் நான்கு சொட்டு.

10. ருசி பிசகினால்

நீர்த்திருந்தால் கால் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டுச் சூப்பை மட்டும் மூடாமல் வற்றவிடுங்கள். சோளமாவு கரைத்து ஊற்றாதீர்கள். அது கெட்டியாக்கும், ஆனால் ஜெலட்டினின் பசை வேறு, மாவின் கொழகொழப்பு வேறு.

உப்பு கூடினால் வெந்நீர்தான் வழி. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுக்கும் என்பார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும், மிச்சச் சூப்பின் கரிப்பு அப்படியே இருக்கும்.

காரம் தாங்கவில்லை என்றால் அரைக் கிண்ணம் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு சூடு காட்டி இறக்குங்கள். தேங்காய்ப்பால் ஊற்றியபின் கொதிக்கவிட்டால் திரியும். அரை மூடித் தேங்காயோடு ஒரு தேக்கரண்டி கசகசாவை ஊறவைத்து அரைத்து ஊற்றினால் இதுவே இடியாப்பத்துக்குப் பாயா ஆகிவிடும். அமீரகம், சவூதி போன்ற நாடுகளில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், அங்கே இருப்பவர்கள் ஆறு முந்திரியை அரைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுபோகவும் கூடாது.

கரி நாற்றம் அடித்தால் அந்தச் சூப்பைச் சரிசெய்ய வழியில்லை. அடுத்த முறை மூன்றாம் படியில் இன்னும் கால் மணி நேரம் செலவிடுங்கள்.

11. எடுத்து வைப்பது

மசாலா சேர்க்கும் முன், வடிகட்டிய நிலையிலேயே எடுத்து வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். மறுநாள் அல்வா மாதிரி உறைந்திருக்கும், பயப்பட வேண்டாம். காலில் இருந்தது முழுக்க இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேலே வெள்ளையாக நிற்கும் கொழுப்பையும் அப்போது தகடாக எடுத்துவிடலாம். ப்ரீசரில் சிறு டப்பாக்களில் ஊற்றி வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். வேண்டியதை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்து, அப்போதைக்கப்போது தாளியுங்கள்.

12. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாறையிலும் மரத்திலும் படரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு, மேலே பழுப்பு நிறத்தில் ரோமம் போர்த்து ஆட்டுக்கால் போலவே இருக்கும். மேலே சொன்ன மசாலாவே இதற்கும் பொருந்தும்.

கால் கிலோ கிழங்குக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ரோமத் தோலைப் பழுப்பு துளியும் இல்லாமல் சீவி எடுங்கள், விட்டால் வாயில் நார் நாராக அகப்படும். சீவியதைக் கழுவி, வில்லைகளாக அரிந்து, உரலில் நசுக்கி, 40 நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பிறகு எட்டாம் படியிலிருந்து தொடரலாம். மிளகை மட்டும் இரண்டு தேக்கரண்டியாகக் குறையுங்கள். இதில் ஜெலட்டின் கிடையாது, அதனால் ரசம் போல நீர்க்கத்தான் இருக்கும். கெட்டியாக வேண்டும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், துவர்ப்பு ஏறும். கிழங்கைத் தெரிந்த வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள், காட்டில் பார்த்த பெரணியையெல்லாம் தோண்டி எடுத்துச் சமைக்க வேண்டாம்.